நாலும் ஒரே மாதிரித் தேயாது

என் சின்ன அண்ணியைத் தெருவில் எல்லோரும் உடும்பு என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேரே. "உடும்பு வண்டி வந்துடுச்சு, காலி கேனை வெளிய வையுங்க" என்று மேட்டுத்தெருவில் குரல் கொடுப்பார்கள். அவளும் ஹாரனை இரண்டு தட்டுத் தட்டிப் பதில் சொல்வாள். பிடித்தால் விடமாட்டாள் என்பதால் வந்த பெயர். அதை முதலில் வைத்தது நான்தான். நல்ல எண்ணத்தில் ஒன்றும் வைக்கவில்லை.

எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. பேசும்போது "அண்ணி, நீங்க" என்பேன். எழுதும்போது அவள் என்றுதான் வருகிறது. வந்துவிட்டுப் போகட்டும். அந்த உரிமைகூட இல்லையென்றால் நான் என்ன நாத்தனார்?

மேட்டுத்தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் ஏறாது. லாரியும் ஏறாது, தெரு அவ்வளவு குறுகல், இரண்டு வளைவு வேறு. எங்கள் பழைய பிக்கப் மட்டும்தான் குடிதண்ணீர்க் கேன்களை ஏற்றிக்கொண்டு போகும். ஒரு நடைக்கு அறுபது கேன். முன்பெல்லாம் என் சின்னண்ணன் ஓட்டிக்கொண்டிருந்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் கேனைத் தூக்கும்போது முதுகுத்தண்டில் என்னவோ பிசகி, அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாதவனாக ஆகிவிட்டான். மூன்றாம் நாள் அண்ணி ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தாள். அதுவரை அவள் சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

"ஸ்டியரிங்குக்கு மேல முதல்ல தலை தெரியுமா?" என்று நான் கேட்டேன். கேட்டேன், இல்லை என்று சொல்லமாட்டேன். அவள் ஒரு போர்வையை நாலாக மடித்து சீட்டில் போட்டு ஏறி உட்கார்ந்துகொண்டாள். பதினோராம் நாள் முதல் நடை போனாள். அன்றையிலிருந்து சின்னண்ணன் கையில் கரண்டி, அவள் கையில் கியர். இரண்டு பேரும் அதைப்பற்றி ஒருநாளும் புலம்பி நான் கேட்டதில்லை.

வண்டியில் ஒரு பள்ளிக்கூட நோட்டு வைத்திருப்பாள். எந்த வளைவில் எந்த கியர், எப்போது ஆயில் மாற்றினது, எங்கே என்ன சத்தம் வந்தது, எல்லாம் தேதியோடு எழுதுவாள். "பாட்டியம்மா மருந்து சீட்டு மாதிரி இருக்கு" என்று கிண்டல் செய்திருக்கிறேன். "உனக்கு மருந்து வேணும்னா சொல்லு, அதுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கறேன்" என்பாள். வாயில் எனக்குக் குறைந்தவள் இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டால் நான்தான் முதலில் இறங்கி வருவேன். வாயால் இறங்கத் தெரியாது, கையால் எதையாவது கொண்டுபோய்க் கொடுப்பேன். நான் தரைக் கம்பளக் கடையில் அளவு வெட்டுகிறவள். மூலையானாலும் தூணானாலும் நூல் பிசகாமல் வெட்டுவேன், இந்த ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை. வண்டியில் டிரைவர் காலடித் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்து, புழுதியும் சூடும் சத்தமுமாக ஏறிக்கொண்டிருந்தது. போன வருஷம் ஒரு சண்டைக்குப் பிறகு, ஒரு பலகையை அறுத்து அந்த ஓட்டையை மூடி, அதன்மேல் கடையில் மிஞ்சிய கம்பளத்தைப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த சண்டைக்கு இன்னொரு துண்டு. மழைக்காலத்தில் மூன்றாவது. அண்ணிக்கு வாயெல்லாம் பல். "வீட்டுக் கூடம்கூட இப்படி இல்லடி" என்றாள்.

இது நடந்துகொண்டிருந்தபோதே வண்டிக்கு இழுவை குறைந்துகொண்டே வந்தது. இரண்டாவது வளைவை இரண்டாம் கியரில் ஏறிய வண்டி முதல் கியர் கேட்டது. பிறகு முதல் கியரிலும் முக்கியது. போன மாதம் அறுபது கேனோடு நடு வளைவில் நின்று ஒரு முழம் பின்னால் உருண்டுவிட்டது. அண்ணி பிரேக்கை மிதித்தபடியே கத்த, எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். அதற்குப் பிறகு முப்பது முப்பதாக இரண்டு நடை போனாள். காலையில் வரவேண்டிய தண்ணீர் சில வீடுகளுக்கு மத்தியானம் போனது. தண்ணீர்க் கம்பெனி சூப்பர்வைசர் வந்து நின்றார். "ஒண்ணாந்தேதியிலருந்து ஒரே நடையில ஏத்த முடிஞ்சா பாருங்க. இல்லைன்னா அந்தத் தெருவ வேற வண்டிக்குக் கொடுத்துடுவேன். என் மேல வருத்தப்படாதீங்க" என்றார். ஒன்றாம் தேதி சனிக்கிழமை வந்தது.

அந்தத் தெரு போனால் அந்த வீட்டில் வேறு வரும்படி கிடையாது. அதைவிட எனக்குத் தெரிந்த ஒன்று, அது போனால் அண்ணி உள்ளுக்குள் ஒடிந்துபோவாள். அவள் சொந்தமாகச் சம்பாதித்த ஒரே பெயர் அந்த மேட்டில்தான் இருந்தது.

அதற்கு முந்தின திங்கட்கிழமை வண்டியைப் பெரியண்ணனின் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனோம். எனக்கு அன்று வார விடுமுறை. பெரியண்ணன் முப்பது வருஷ மெக்கானிக். எங்கள் குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. நாலு பிளக்கையும் கழற்றினார், வண்டி ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்கக் காயில் ஒயரை உருவினார், உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று முள் காட்டும் கம்ப்ரஷன் கேஜை முதல் சிலிண்டரில் திருகினார். அண்ணி முள்ளைப் பார்க்கவேண்டும் என்று நோட்டோடு அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள். சீட்டில் உட்கார நான்தான் மிச்சம்.

"ஆக்ஸிலேட்டர முழுசா மிதிச்சுப் பிடிச்சுக்க. நான் சொல்றப்ப சாவியத் திருப்பு" என்றார்.

மிதித்தேன், திருப்பினேன். இன்ஜின் ஊங் ஊங் என்று சுற்றியது. எண்பத்தைந்து. அடுத்தது எண்பத்தைந்து. மூன்றாவது எண்பத்துநாலு, நாலாவது எண்பத்தாறு.

"முழுசா மிதிச்சியா?"

"தரையோட தரையா மிதிச்சிருக்கேன்ணா. இதுக்கு மேல மிதிச்சா ரோட்டுக்கு வந்துடும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "நூத்தி நாப்பதுக்குக் குறையாம காட்டணும்மா. நூறுக்குக் கீழ போனா இன்ஜின் உள்ள தேஞ்சுபோச்சுன்னு அர்த்தம். இத முழுசாப் பிரிச்சுக் கட்டினா, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு ஆயிடும். விட்டுடு. பழைய இரும்புக்காரன சனிக்கிழமை வரச் சொல்றேன்."

அண்ணி எழுதிய நாலு எண்ணையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நாலும் ஒண்ணாவா மாமா தேயும்?"

"ஒரே இன்ஜின்தானேம்மா. ஒண்ணா ஓடுச்சு, ஒண்ணாத் தேஞ்சுது."

வீட்டுக்கு வருகிற வழியில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "விடுங்க அண்ணி. பெரியண்ணன் கை வச்சுப் பாத்துச் சொன்னா சொன்னதுதான். நாலு வருஷம் ஓட்டினது போதும், வீட்ல உக்காருங்க" என்றேன்.

அவள் வண்டியை ஓரங்கட்டினாள். கால் செருப்பு இரண்டையும் கழற்றிக் கவிழ்த்து என் மடியில் வைத்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பாரு. ரெண்டும் ஒரே நாள் வாங்கினது. ஒரே ஆளு, ஒரே தெரு. கிளட்ச்ச மிதிச்சு மிதிச்சு இடது மட்டும்தான் தேஞ்சிருக்கு. ரெண்டு செருப்பே ஒண்ணாத் தேயல. நாலு சிலிண்டர் எப்படிடி ஒண்ணாத் தேயும்?"

"அது செருப்பு, இது இன்ஜின்."

"எதுவா இருந்தாலும் தேய்மானம்னா ஏறுக்குமாறாத்தான் இருக்கும். மாமா சொன்னது தப்புன்னு நான் சொல்லல. எனக்குப் புரியிற வரைக்கும் நான் வண்டியக் கொடுக்கமாட்டேன். அவ்வளவுதான்."

உடும்பு பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

செவ்வாய்க்கிழமை போய்ப் பெரியண்ணனிடம் கேஜை இரவல் கேட்டாள். அவருக்கு முகம் சுருங்கியது. "கேஜ் பொய் சொல்லாதும்மா" என்றாராம். "தெரியும் மாமா. இன்னொரு தடவை கேட்டுப் பாக்கறேன்" என்று சொல்லி வாங்கி வந்துவிட்டாள். சின்னண்ணன் பேட்டரியைக் கழற்றி ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டான். "நீயாவது புத்தி சொல்லக்கூடாதா?" என்று அவனைக் கேட்டேன். "சாவிய எடுத்த அன்னிக்கே சொல்லிப் பாத்தேன். அதோட சரி" என்றான்.

புதன்கிழமை இரண்டு நடையும் முடித்துவிட்டு, இன்ஜின் சூடு ஆறுவதற்குள் வீட்டு முன்னாலேயே பிளக்குகளைக் கழற்றினாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம், எனக்குக் கடை பக்கம்தான், வேடிக்கை பார்க்கப் போனேன். போனவளைப் பிடித்து சீட்டில் உட்கார வைத்துவிட்டாள்.

"மிதி. திருப்பு."

தொண்ணூற்றைந்து. நாலும் கிட்டத்தட்ட அதேதான். இன்ஜின் சூடாகவும் பேட்டரி தெம்பாகவும் இருந்ததால் பத்துக் கூடியிருக்கிறது, அவ்வளவுதான் என்றாள். பிறகு ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி சுற்றச் சொன்னாள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடுக்கை அடைத்து முள் சட்டென்று ஏறுமாம். அதை அவள் பெரியண்ணன் மற்ற வண்டிகளுக்குச் செய்யும்போது பார்த்து வைத்திருக்கிறாள். முள் நூறோடு நின்றுவிட்டது.

"ரிங் இல்ல" என்று எழுதினாள். "கேஸ்கெட் போயிருந்தா பக்கத்துப் பக்கத்து ரெண்டு விழும். வால்வுன்னா ஒண்ணோ ரெண்டோ விழும். இது நாலும் சொல்லிவச்ச மாதிரி நிக்குது." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஒரு வீட்ல நாலு பிள்ளையும் ஒரே மாதிரி மெலிஞ்சா, பிள்ளைங்கள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதா, அடுப்படியப் பாக்கறதா?"

"அடுப்படி என் கையில இருக்கு. என்னை ஏன் இழுக்கற?" என்று ஜன்னலுக்குள்ளிருந்து சின்னண்ணன் குரல் கொடுத்தான்.

"உங்கள இல்லப்பா. காத்து. காத்து போனாத்தானே உள்ள அமுக்க முடியும்? போற வழியில பாக்கறேன்."

காற்று வடிகட்டியைக் கழற்றி எடுத்தாள். நான் அதுதான் அடைத்திருக்கும் என்று நினைத்தேன், சுத்தமாக இருந்தது. கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்துக் குனிந்தாள். அங்கே ஒரு தகடு உண்டு. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அது கதவு மாதிரி திறந்து காற்றை உள்ளே விடும்.

"மிதி" என்றாள்.

"மிதிச்சுட்டேன்."

"இன்னும் மிதி."

"மிதிச்சுட்டுத்தான் இருக்கேன்!"

"பொய் சொல்லாத. கதவு நகம் நுழையற அளவுக்குத்தான் திறந்திருக்கு. முழுசா மிதி."

"அண்ணி, எனக்குக் கெட்ட கோபம் வரும். பெடல் அடியில முட்டிடுச்சு. இதுக்கு மேல எங்க போய் மிதிக்கறது, என் தலையிலயா?"

"காலை எடுத்துடு, சாவிய மட்டும் திருப்பு" என்றாள். அந்தத் தகட்டை அவளே கையால் முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டாள். இன்ஜின் சுற்றுகிற சத்தம் மாறியது. நெஞ்சு நிறைய மூச்சு இழுப்பதுபோல் இழுத்தது. நாலைந்து சுற்றில் முள் மேலே போய் நின்றது. நூற்று நாற்பத்திரண்டு. அடுத்த சிலிண்டருக்குக் கேஜை மாற்றினாள். நூற்று நாற்பது. மூன்றும் நாலும் அதேதான்.

அவள் துள்ளிக் குதிக்கவில்லை. பம்பரில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "இன்ஜினுக்கு ஒண்ணும் இல்லடி" என்று மட்டும் சொன்னாள். அழுகிறாள் என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

கொஞ்ச நேரத்தில் எழுந்து டிரைவர் பக்கம் வந்தாள். "இறங்கு" என்றாள். முட்டி போட்டு, கையால் ஆக்ஸிலேட்டர் பெடலை அமுக்கினாள். பாதிகூடப் போகவில்லை, என் கம்பளத்தில் முட்டி நின்றது. முதல் துண்டைத் தூக்கினாள். பெடல் கொஞ்சம் இறங்கியது. இரண்டாவது. மூன்றாவது. அதற்கும் கீழே நான் கச்சிதமாக அறுத்துப் பொருத்திய பலகை. அதையும் நெம்பி எடுத்துவிட்டு அமுக்கினாள், பெடல் துருப்பிடித்த தகடுவரை போயிற்று.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அழகாக வெட்டியிருந்தேனே! பெடலைச் சுற்றி, பிரேக்கைச் சுற்றி, நூல் பிசகாமல். நீளமும் அகலமும் அளந்த கைக்குக் கனம் அளக்கத் தோன்றவில்லை. வண்டி ஓட்டத் தெரியாதவளுக்குப் பெடல் எவ்வளவு தூரம் இறங்கவேண்டும் என்று என்ன தெரியும்? ஓட்டத் தெரிந்தவளோ பெடல் தரையில் முட்டினால் அதுதான் முழு மிதி என்று நம்பினாள். துண்டு துண்டாக ஏறியதால் அவள் காலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அவள் நோட்டைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் விரலை வைத்து என்னிடம் நீட்டினாள். "நாத்தனார் கம்பளம் கொடுத்தாள். சத்தம் குறைந்தது." நாலு நாள் தள்ளி, "இரண்டாவது வளைவு, முதல் கியர்." இன்னொரு பக்கம், "மறுபடி கம்பளம். கால் சுடவில்லை." அதே வாரம், "முதல் கியரிலும் முக்குகிறது." மூன்றாவது துண்டுக்குப் பிறகு வந்த பக்கத்தை நான் படிக்கவே இல்லை. அதுதான் வண்டி பின்னால் உருண்ட மாதம்.

"நான் நல்லதுக்குத்தானே செஞ்சேன்!" என்று கத்தினேன். தப்பு என்மேல் இருந்தால் எனக்குக் குரல் உயரும், அது என் பிறவிக்குணம். "உங்க காலு சுடுதுன்னுதானே செஞ்சேன்! எனக்கு என்ன தெரியும்? நீங்க செத்துப்போயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?" சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். தெருவில் நின்று, சாப்பாட்டு நேரத்தில், நாலு பேர் பார்க்க.

அண்ணி ஆயில் கையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஏய், லூசு. உன் கம்பளம் இல்லைன்னா இவ்வளவு நாள் என் காலு வெந்துபோயிருக்கும். போய் வேலையப் பாரு" என்றாள். என் ஜாக்கெட்டில் ஐந்து விரலும் அச்சாக விழுந்தது. அந்தக் கறை இன்னும் போகவில்லை.

வியாழக்கிழமை ஓட்டைக்கு மேல் ஒரு மெல்லிய இரும்புத்தகட்டைத் திருகி, தொய்ந்திருந்த ஆக்ஸிலேட்டர் கேபிளையும் இழுத்துக் கட்டினாள். வெள்ளிக்கிழமை கேஜைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். நோட்டை அவர் முன்னால் வைத்தாள். பெரியண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய நாலு எண்ணையும் புது நாலு எண்ணையும் பார்த்தார்.

"எங்கம்மா இருந்துது கோளாறு?"

"கேபிள் கொஞ்சம் தொய்ஞ்சிருந்துது மாமா. கதவு சரியாத் திறக்கல" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அப்படியே விட்டிருந்தால் என் மானம் தப்பியிருக்கும். என்னால் முடியவில்லை. "கேபிளும் இல்ல, கீபிளும் இல்ல. என் கம்பளம்ணா. மூணு துண்டு, ஒரு பலகை. அதுமேல மிதிச்சுட்டுத்தான் அன்னிக்குத் தரையோட தரையா மிதிச்சேன்னு உங்ககிட்ட சொன்னேன்" என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எவன் வண்டியா இருந்தாலும் அந்தக் கார்புரேட்டர் தகட்ட நான் கையால திறந்து பாத்துட்டுத்தான் கேஜ் வைப்பேன். வேத்தாளு மிதிக்கிறத நம்பமாட்டேன். நம்ம வீட்டுப் பொண்ணு உக்காந்திருக்காளேன்னு விட்டுட்டேன். தப்பு என்னுதும்மா" என்று அண்ணியைப் பார்த்துச் சொன்னார். முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அன்றுதான். பிறகு போனை எடுத்துப் பழைய இரும்புக்காரனை வரவேண்டாம் என்றார்.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு அண்ணியோடு வண்டியில் ஏறினேன். பின்னால் அறுபது கேன். மேட்டின் அடியில் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். வேறு ஒரு புது வண்டியும் ஓரமாக நின்றது. அண்ணி அந்த வண்டியைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. போர்வையைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அப்போதுதான் என் காலடியைக் கவனித்தேன். என் மூன்று துண்டுக் கம்பளமும் இந்தப் பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துக் கிடந்தது.

"இது எதுக்கு அண்ணி இங்க?"

"நீ உக்கார்ற இடம்தானே. இந்தப் பக்கம் பெடல் கிடையாது. நீ எவ்வளவு வேணும்னாலும் மிதிச்சுக்க" என்றாள், சிரிக்காமல்.

வண்டி நகர்ந்தது. முதல் வளைவு சுலபமாக ஏறியது. இரண்டாவது வளைவில் கேன்கள் எல்லாம் ஒரு பக்கமாகக் குலுங்கின. அவள் வலது கால் முழுசாக இறங்குவதைப் பார்த்தேன். கியர் கம்பியில் வைத்த கையை அவள் அசைக்கவில்லை, இரண்டாம் கியரிலேயே போனாள். வண்டி நின்ற இடத்தையும், கட்டை கொடுத்த எதிர்வீட்டையும் தாண்டினோம். மேலே யாரோ "உடும்பு வந்துடுச்சு" என்று கத்தினார்கள். அவள் இரண்டு தட்டு ஹாரன் அடித்தாள். மேடு முடிகிறவரைக்கும் நான் என் கம்பளத்தை இரண்டு காலாலும் பலம் கொண்டமட்டும் மிதித்துக்கொண்டே இருந்தேன்.